யாழினி கை கழுவ மாட்டாள்

"அண்ணி, நீங்க எழுதின வாசகத்தைப் படிச்சிட்டு இங்க ஒரு பொண்ணு ரெண்டு நாளா சாப்பிடல."

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அடுப்பில் பால், காதில் போன். பேசியது என் நாத்தனார் கோமதி — வீட்டுக்காரரின் தங்கை. உத்திரமேரூர் பக்கம், திருப்புலிவனத்தைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு சின்ன கிராமத்தில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. அந்த ஊருக்கே அவள்தான் பெரிய டீச்சர்.

எழுதுகிறவளிடம் இப்படி ஒரு சேதி சொன்னால் அவளுக்கு முதலில் என்ன தோன்றும்? உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். லேசாகப் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷமாக வாராவாரம் இந்தப் பக்கத்தை நிரப்புகிறேன். படித்துவிட்டுச் சிரித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள். பஜ்ஜி மடித்து வந்த தாளில் என் போட்டோவைப் பார்த்ததாக ஒருவர் கடிதமே போட்டார். சோறு இறங்காமல் போனதாக மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை.

"எந்தக் கட்டுரை கோமதி?" என்றேன், குரலில் கொஞ்சம் அடக்கம் சேர்த்துக்கொண்டு.

"கட்டுரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க ஸ்கூல் குழாயடி சுவத்துல எழுதச் சொன்னீங்களே, அது. பொண்ணு ரெண்டாங்கிளாஸ். நீங்க முதல்ல கிளம்பி வாங்க."

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. என் பெருமையும் அதோடு சேர்ந்து அணைந்தது.

என்ன வாசகம், என்ன குழாயடி என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு பத்து நாள் பின்னால் போக வேண்டும்.

கோமதியின் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தச் சமயம் வயிற்றுப்போக்கு. இன்று இவன் லீவு, நாளை அவள் லீவு. சுகாதார நர்ஸ் வந்து பார்த்தார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, மருந்து போட்டு, தண்ணீரைச் சோதனைக்கும் அனுப்பினார்கள். கடைசியில் அந்த நர்ஸம்மா, "தண்ணி நல்லாத்தான் கீது டீச்சர். பசங்க கைதான் நல்லால்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாராம்.

கோமதி தொண்டை கட்டும்வரை கத்திப் பார்த்திருக்கிறாள். பிறகு எனக்குப் போன். "தினம் பார்க்கிற மூஞ்சி சொன்னா கேக்க மாட்டாங்க அண்ணி. வெளியாள் வந்து சொல்லணும். நீங்கதான் பத்திரிகைல எழுதறீங்களே, நீங்க வாங்க."

கூப்பிட்டால் விடுவேனா? யாராவது பேச அழைத்தால் தலைப்பு என்ன என்றுகூடக் கேட்காமல் புடவைக்கு இஸ்திரி போடுகிறவள் நான். மூன்று நாள் இன்டர்நெட்டில் உட்கார்ந்து படித்தேன். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டை விரல், நக நுனி என்று ஏழு விதமாகத் தேய்க்க வேண்டுமாம். ஐம்பத்து நான்கு வயது வரை நான் நான்கைத் தாண்டியதில்லை. சமையலறை சிங்க்கில் நின்று பயிற்சி செய்தேன். "ஆபரேஷன் ஏதாவது பண்ணப் போறியா?" என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார்.

கிருமி கண்ணுக்குத் தெரியாது, அதனால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதற்கும் ஒரு வழி படித்து வைத்திருந்தேன் — ஜிகினாத் தூள். கையில் எண்ணெய் தடவி ஜிகினாவைத் தூவிக்கொண்டு ஒவ்வொருவராகக் கை குலுக்கினால், ஒருவர் கையிலிருந்து எல்லார் கைக்கும் பரவும். கிருமி இப்படித்தான் பரவுகிறது என்று காட்டலாம். பிரமாதமான யோசனை இல்லையா? ஆறு பாக்கெட் வாங்கினேன்.

தாம்பரத்தில் பஸ் ஏறி செங்கல்பட்டு, அங்கிருந்து உத்திரமேரூர், பிறகு கோமதியின் ஸ்கூட்டர். சாலையில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். கோமதி அதைச் சுற்றி வளைந்து வளைந்து ஓட்ட, நான் ஜிகினாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிக்கூடம் இரண்டே அறை. கோமதியைத் தவிர ஒரு சின்ன டீச்சர். சத்துணவு சமைக்கப் பச்சையம்மா. பிள்ளைகள் நாற்பது சொச்சம்.

"சாப்பிடறதுக்கு முன்னால யாரெல்லாம் கை கழுவுவீங்க?" என்று ஆரம்பித்தேன். எல்லாக் கையும் உயர்ந்தது. சந்தோஷமாகிவிட்டது எனக்கு. எப்படி என்று காட்டச் சொல்லிக் குழாயடிக்குக் கூட்டிப் போனேன்.

வரிசையாக வந்தார்கள். வலது கையைக் குழாயில் காட்டினார்கள். இரண்டு உதறு உதறினார்கள். நிஜாரிலோ பாவாடையிலோ ஒரு துடைப்பு. அவ்வளவுதான். இடது கை பாட்டுக்கு முதுகுக்குப் பின்னால் சும்மா இருந்தது.

"இன்னொரு கை?" என்றேன்.

நாலாம் வகுப்புக் கிஷோர் என்னைப் பாவமாகப் பார்த்தான். "சோத்துக் கை மட்டுந்தான மிஸ் துன்னுது. பீச்சாங்கைக்கு இன்னாத்துக்குத் தண்ணி?"

"ஒரு கையை இன்னொரு கை தேய்க்காம எப்படிடா அழுக்குப் போகும்?"

"தண்ணியே கய்வும் மிஸ்."

சிரிக்காதீர்கள். நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? சாப்பிட்டு எழுந்தால் மணிக்கட்டு வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறோம். சாப்பிட உட்காருமுன்? டம்ளர் தண்ணீரில் நாலு விரலை நனைத்து இலையில் தெளிப்பதோடு சரி. கல்யாண வீட்டில் கை கழுவும் இடத்தில் நின்று பாருங்கள். அங்கே மொய்க்கிற கூட்டம் அத்தனையும் சாப்பிட்டு முடித்த கூட்டம். பந்திக்கு முந்தி எவனாவது கை கழுவப் போனானா... திரும்பி வரும்போது அவன் நாற்காலியில் வேறொருவர் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருப்பார். நமக்குக் கையில் சாதம் ஒட்டியிருந்தால்தான் அழுக்கு.

"சரி, சோப்பு எங்கே?"

"காக்கா தூக்கினு போச்சு மிஸ்" என்று நாற்பது குரல்.

நாற்பது பேர் சேர்ந்து பொய் சொல்கிறார்களே என்று நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். பச்சையம்மா கரண்டியோடு வெளியே வந்து புங்க மரத்தைக் காட்டினாள். கிளையில் ஒரு காக்கா. காலுக்கடியில் ரோஸ் கலரில் பாதி சோப்பு. கொத்திக்கொண்டிருந்தது. அதில் என்ன ருசி கண்டதோ. "வாரத்துக்கு ரெண்டு போவுது மா. ஒரே பேஜார்" என்றாள் பச்சையம்மா. வெங்காயம் வந்த வலைப் பையில் புது சோப்பைப் போட்டு, குழாயில் கட்டித் தொங்கவிட்டோம். அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

பிறகு ஜிகினா.

கையில் தடவி, கிஷோரோடு கை குலுக்கி, அவன் அடுத்தவனோடு குலுக்கி... ஐந்து நிமிஷத்தில் வகுப்பே மின்னியது. "பார்த்தீங்களா? இதுதான் கிருமி. இப்ப எல்லாரும் போய்க் கழுவுங்க பார்ப்போம்" என்றேன்.

ஒருவரும் நகரவில்லை. ஒரு பெண் பளபளக்கும் விரலைக் கன்னத்தில் தீற்றிக்கொண்டாள். "கிருமி சூப்பரா கீது மிஸ்" என்றாள். "எனுக்கு இன்னும் கொஞ்சம் கிருமி குடு மிஸ்" என்று நாலைந்து பேர் கை நீட்டினார்கள். மத்தியானத்துக்குள் கோமதியின் மூக்கு, கரும்பலகை, வருகைப் பதிவேடு, அவித்த முட்டை எல்லாம் மின்னின. அன்றோடு அந்த ஊரில் என் பெயர் கிருமி மிஸ்.

தோல்வியோடு ஊர் திரும்ப எனக்கு மனசு வருமா? இரண்டு காரியம் செய்தேன்.

ஒன்று, தட்டு. சாப்பாட்டுத் தட்டுகளைக் குழாய்க்குப் பக்கத்தில் அடுக்கி வைக்க வேண்டும். சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவி, சின்ன டீச்சரிடம் காட்டினால்தான் தட்டு. கழுவாத கைக்குத் தட்டில்லை.

இரண்டாவது காரியம்தான் வினை. எனக்குச் சிலேடை என்றால் உயிர் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தையில் இரண்டு அர்த்தம் கிடைத்தால் கடையில் ஒன்று வாங்கி ஒன்று இலவசமாகக் கிடைத்த மாதிரி முகம் மலர்ந்துவிடும். அன்றைக்குக் கிடைத்தது.

"கை கழுவுறதுன்னா இன்னொரு அர்த்தம் இருக்கு, தெரியுமா?" என்று பிள்ளைகளைக் கேட்டேன். "'அவன் என்னைக் கை கழுவிட்டான்'னு பெரியவங்க சொல்வாங்க இல்ல? அப்படின்னா விட்டுட்டுப் போயிட்டான்னு அர்த்தம். நீங்க நல்லா கையைக் கழுவினீங்கன்னா, உங்களை விட்டு எல்லாம் போயிடும்."

எல்லாம் என்று நான் சொன்னது வியாதிகளை.

ஒருவரும் சிரிக்கவில்லை. சின்ன டீச்சர் மரியாதைக்குச் சிரித்து வைத்தாள். இரண்டாவது வரிசையில் ஒரு சின்னப் பெண் மட்டும் என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சூட்டிகையான பெண், அவளுக்காவது புரிந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

குழாயடிச் சுவரில் எழுத ஒரு வாசகமும் கொடுத்துவிட்டு வந்தேன். 'கை கழுவுங்கள். நோயைக் கை கழுவுங்கள்.' பெயின்டர் இரண்டு இடத்திலும் 'களுவுங்கள்' என்று எழுதி, கோமதி அழிக்கச் சொல்லி, மறுபடி எழுதியதில் இரண்டு 'ழு'வும் மற்ற எழுத்தைவிடக் குண்டாக விழுந்துவிட்டன. கோமதி போட்டோ அனுப்பினாள். அதை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாக வைத்தேன். ஒரு வாரம் நல்ல வரவேற்பு. அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை போன்.

போய் இறங்கியதும் விஷயத்தைச் சொன்னார்கள். பெண் பெயர் யாழினி. பதிவேட்டில்தான் யாழினி. ஊரில் எல்லாருக்கும் யாயினி. அம்மா ரேவதி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். யாழினிக்குப் பக்கத்து வீட்டு அக்காதான் தலை பின்னி அனுப்புவது. காலை நாஷ்டா, மத்தியானச் சாப்பாடு இரண்டும் பள்ளியில்.

இவ்வளவு நாள் அவள் கை கழுவுகிறாளா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. என் தட்டுத் திட்டம் முதல் வாரம் ஆளுக்கொரு மாதிரி நடந்தது. திங்கட்கிழமையிலிருந்துதான் கறாராக்கினார்கள். அன்றிலிருந்து யாழினி வரிசைக்கே வரவில்லை. பசிக்கல என்று தூணடியில் உட்கார்ந்துகொண்டாள். செவ்வாய் காலை பிரேயரில் நிற்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பச்சையம்மாதான் ஓடிப்போய்த் தூக்கியிருக்கிறாள்.

"நான் ஊட்டினா துன்றா மா" என்றாள் பச்சையம்மா. "ரெண்டு தட்டு உப்புமா துன்னா. பசி கீது. கை மட்டுந்தான் தண்ணி பக்கம் போவ மாட்டேங்குது. இழுத்தா அய்வுறா."

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சோப்பு அலர்ஜியாக இருக்கும் என்றாள் சின்ன டீச்சர். சுவரில் இருக்கிற உங்கள் வாசகத்தைப் பார்த்தாலே அழுகிறாள், ஏனென்று சொல்ல மாட்டேன் என்கிறாள், வீம்பு என்றாள் கோமதி. குழாயடியில் எதையோ பார்த்துப் பயந்திருக்கும், கோயிலுக்குக் கூட்டிப் போய் விபூதி வைக்கலாம் என்றாள் பச்சையம்மா. காக்காதான் காரணம் என்று கிஷோர் கேட்காமலே வந்து சொல்லிவிட்டுப் போனான்.

நான் யாழினியைத் தேடிப் போனேன். தூணடியில் உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. இரண்டாவது வரிசை. வைத்த கண் வாங்காத பெண்.

"நீ கிருமி மிஸ்தான?" என்றாள்.

"ஆமா. உனக்கு ஏன் கை கழுவப் பிடிக்கல?"

இரண்டு கையையும் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டாள். பையிலிருந்து சாக்லேட் எடுத்தேன். பார்த்தாள், கை வெளியே வரவில்லை.

"கழுவினா என்ன ஆகும்?"

"போய்டும்."

"என்ன போய்டும்?"

"எங்கம்மா."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள், வேறு யாருடைய கதையையோ சொல்கிற மாதிரி.

"எங்கப்பா போச்சில்ல... அன்னிக்கி மீன் கொயம்பு ஊத்தி துன்னுச்சு. வெளிய அண்டால தண்ணி மொண்டு கை கய்வுச்சு. பைக் எட்துனு பூட்ச்சு. வரவே இல்ல. எங்கம்மா பெரிம்மா கைல போன்ல சொல்லிச்சு, 'எங்கள கை கய்வினு பூட்டாரு'ன்னு."

திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீகூடச் சொன்ன இல்ல? கை கய்வினா எல்லாம் போய்டும்னு. செவுத்துலகூட எய்தி வச்சிக்கீற."

ஐயோ என்றிருந்தது எனக்கு. அந்தக் குழந்தை என்னத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டாள்? ஒன்றும் இல்லை. அப்பா கை கழுவியதைக் கண்ணால் பார்த்தாள். கை கழுவிவிட்டார் என்று அம்மா சொன்னதைக் காதால் கேட்டாள். அது நிஜந்தானா என்று சந்தேகம் இருந்திருந்தாலும், பத்திரிகையில் எழுதுகிற ஒருத்தி சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்து ஆமாம், அப்படித்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். மிச்சம் இருக்கிற ஒரே அம்மாவையும் எந்தப் பிள்ளை கழுவிக் கொட்டும்? பட்டினி கிடந்தாவது காப்பாற்றத்தானே பார்க்கும்? வெட்கத்தில் என் காது சுட்டது.

சமாளிக்கப் பார்த்தேன். "அது சும்மா பேச்சுக்குச் சொல்றது கண்ணு."

"எங்கப்பா சும்மா பேச்சுக்குப் பூட்ச்சா?"

"இல்லம்மா... கை கழுவுறது வேற, கை கழுவுறது வேற."

சொல்லும்போதே எனக்கே கேவலமாக இருந்தது. முப்பது வருஷமாகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழு வயதுப் பெண்ணுக்கு ஒரு வார்த்தையின் இரண்டாவது அர்த்தத்தை விளக்கத் தெரியவில்லை.

"அப்ப நீ சொன்னது பொய்யா?" என்றாள்.

"ஆமா. பொய்."

"பொய்ய இன்னாத்துக்கு செவுத்துல எய்தின?"

எழுத்தாளர்களை மேடையில் வைத்து எத்தனையோ கேள்வி கேட்கிறார்கள். இதை யாரும் கேட்பதில்லை.

நாலு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றபோது நானும் கோமதியும் ரோட்டோரம் காத்திருந்தோம். ரேவதிக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். நீல நிறக் கோட்டு, கழுத்தில் ஐடி கார்டு. பெரிய டீச்சரே வந்து நிற்பதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. பயப்படாதே என்று சொல்லிவிட்டுத்தான் கோமதி ஆரம்பித்தாள்.

முழுவதும் கேட்டுக்கொண்டாள். ஐடி கார்டுக் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"வூட்லகூட கை கய்வ மாட்டேங்கும் டீச்சர். அடம்னு நெனச்சி நானே ஈரத்துணில தொட்ச்சி ஊட்டிவுட்ருவேன். நான் அக்காகிட்ட சொல்லச்சொல்ல இது டிவி பாத்துக்கினு இருந்துச்சு. காதுல வாங்கிக்கினு கீதுன்னு எனுக்கு இன்னா தெரியும்?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க இன்னாத்துக்கு மா அப்டிச் சொன்னீங்க? படிச்சவங்கதான?"

தப்புத்தான் என்றேன். அவள் பள்ளியைப் பார்த்து விடுவிடுவென்று நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

புங்க மரத்தடியில் பச்சையம்மாவின் மடியில் யாழினி இருந்தாள். ரேவதி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் எதிர்பார்த்தபடி கொஞ்சவும் இல்லை, அழவும் இல்லை. கணக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"யாயினி, அம்மா கம்பெனில எத்தினி வாட்டி கை கய்வுது, சொல்லு?"

யாழினிக்குத் தெரியவில்லை.

"உள்ள போ சொல்ல ஒரு வாட்டி. அங்க கை கய்வி மெஷின்ல காட்னாத்தான் கதவே தொறக்கும். நாஷ்டாக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. டீக்கு முன்னாடி, டீக்குப் பின்னாடி. சோத்துக்கு முன்னாடி, பின்னாடி. ஷிப்ட் முடிஞ்சி கிளம்ப சொல்ல ஒரு வாட்டி. எத்தினி ஆச்சி?"

யாழினி விரலை மடக்கினாள். ஒரு கை போதாமல் இன்னொரு கையும் பாவாடையிலிருந்து வெளியே வந்தது. "எட்டு."

"எட்டு வாட்டி கய்வினு, பஸ் ஏறிக்கினு அம்மா எங்க வருது?"

"வூட்டுக்கு."

"நேத்து வந்துச்சா?"

"வந்துச்சு."

"முந்தாநேத்து?"

"ஞாய்த்துக்கெயம... வூட்லயே இருந்த."

"அன்னிக்கி எங்கனா போனனா?"

"இல்ல."

"இன்னிக்கி?"

யாழினி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள். "தெனம் இப்டித்தான் மோந்து பாக்கும், ஆஸ்பத்திரி வாசனை வருதுன்னு சொல்லும்" என்றாள் ரேவதி எங்களிடம்.

"இது அந்த சோப்பு வாசனையா?" என்றாள் யாழினி.

"ஆமா. எட்டு வாட்டி போட்ட சோப்பு."

யாழினி எழுந்து குழாயடிக்கு நடந்தாள். வலைப் பையோடு சோப்பைப் பிடித்து இரண்டு கையிலும் தேய்த்தாள். தண்ணீரைத் திறந்தாள். கழுவி முடித்ததும் ஓட்டமாக ஓடிவந்து மரத்தடியைப் பார்த்தாள். அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பிப் போனாள். இன்னொரு தடவை தேய்த்தாள். மறுபடி ஓடிவந்து பார்த்தாள். அம்மா அங்கேயே இருந்தாள். மறுபடி போனாள். நானும் எண்ணினேன். எட்டு தடவை. கோமதி ஸ்டாக் வாங்கி வைத்திருந்த புது சோப்பு பாதியாகிவிட்டது. ரேவதி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் நிறைந்திருந்தது. பச்சையம்மா மூக்கைச் சிந்தினாள். நானும் முந்தானையைத் தேடினேன். ஒளித்துப் பயனில்லை, சொல்லிவிடுகிறேன்.

எட்டாவது தடவை முடித்துவிட்டு யாழினி ஈரக் கையோடு நேராக என்னிடம் வந்தாள். ஏதோ கண்டுபிடித்துவிட்டவளின் முகம்.

"எங்கப்பா சோப்பு போடல மிஸ். சும்மா தண்ணிலதான் கய்வுச்சு. நான் பாத்தேன். அதான் வரல."

ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. தமிழைத் திருத்தியே பழகிய வாய்தான். அன்றைக்கு அடங்கியிருந்தது.

ஊருக்குக் கிளம்புமுன் பெயின்டரைக் கூப்பிட்டு என் வாசகத்தின்மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். அந்த இடத்தில் வேறென்ன எழுதட்டும் என்று கேட்டார். 'சோப்பு இங்கே இருக்கிறது' என்று எழுதி வலைப் பையைப் பார்த்து ஒரு அம்புக்குறி போடுங்கள் என்றேன். முப்பது வருஷத்தில் நான் எழுதிய வாக்கியங்களில் ஒரே ஒரு அர்த்தம் உள்ளது அதுவாகத்தான் இருக்கும்.

நேற்றுக் கோமதி போன் செய்தாள். வயிற்றுப்போக்கு லீவு நின்றுபோய்விட்டதாம். ஏழு விதத் தேய்ப்பா, என் ஜிகினாவா, தட்டுத் திட்டமா, எது பலித்தது என்று ஆசையாகக் கேட்டேன்.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் அண்ணி? இப்ப யாயினிதான் குழாயடி லீடர். சோப்புப் போடாம ஒருத்தனும் நகர முடியாது. 'சோப்பு போட்டு ரெண்டு கையும் கய்வினாத்தான் திரும்ப வூட்டுக்கு வருவ'ன்னு சொல்லி வச்சிருக்கா. கிஷோர்கூடப் பீச்சாங்கையைத் தேய்க்கிறான். பயம்."

"அது தப்பு கோமதி. பிள்ளைங்களுக்கு விளக்கிச் சொல்லணும் இல்ல?" என்று நான் இழுத்தேன்.

"நீங்க வந்து விளக்குறீங்களா அண்ணி?"

போனை வைத்துவிட்டேன்.

சிலேடை எழுதும் பழக்கத்தை அன்றோடு... வேண்டாம், விட்டுவிட்டேன் என்றே எழுதுகிறேன்.